ஊதாப் பூவில் வாசம் எங்கே?

ஜப்பான் வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். வடக்கே பெரிதாக ஒரு தீவு தெரிகிறதா? அதுதான் ஹொக்கைடோ. அந்தத் தீவின் நடுப்பகுதியில், சுற்றிலும் மலைகள் நிற்க, ஃபுரானோ பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே நகாஃபுரானோ என்ற ஊரில் டொமிடா குடும்பத்தார் தலைமுறைகளாக நடத்திவரும் ஒரு லாவெண்டர் பண்ணைக்குத்தான் இப்போது போகப்போகிறோம். பெயர் 'ஃபார்ம் டொமிடா'.

போவதென்றால் ஜூலையில் போக வேண்டும். கோடையில் மட்டும் ரயில் நிற்கும் ஒரு குட்டி நிலையம் அங்கே உண்டு. அதன் பெயரே 'லாவெண்டர் பண்ணை'. அங்கே இறங்கிச் சில நிமிடம் நடந்தால் போதும். நுழைவுக் கட்டணம் இல்லை. சரிவான நிலத்தில் வரிசை வரிசையாக ஊதா நிறம், தூரத்தில் தொகாச்சி மலைத்தொடர். அந்த மலைகளில் ஒன்று இன்னும் அடங்காத எரிமலை. பெரியவர்கள் எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எடுக்கட்டும். நாம் குனிந்து செடியைப் பார்ப்போம்.

பூவைக் கிள்ளக் கூடாது. அது அவர்களுடைய விளைச்சல். தரையில் உதிர்ந்து கிடக்கும் ஒரு கதிர் கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். கதிரில் சின்னச் சின்னக் குழல்கள் அடுக்கடுக்காக நிற்கும். ஒவ்வொரு குழலின் வாயிலிருந்தும் மெல்லிய இதழ்களோடு ஒரு பூ எட்டிப் பார்க்கும். அந்தப் பூவை மட்டும் மெதுவாக உருவி முகர்ந்து பாருங்கள். பெரிதாக வாசம் வராது. இப்போது மிச்சமிருக்கும் குழலை இரண்டு விரலால் கசக்குங்கள். குப்பென்று மூக்கில் ஏறும்!

அந்தக் குழல்தான் புல்லிவட்டம். பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: மொட்டாக இருக்கும்போது பூவை மூடிக் காக்கும் பகுதி. பெரும்பாலான பூக்களில் அது பச்சையாக இருக்கும். லாவெண்டரில் அதுவும் ஊதா நிறம் ஏறியிருப்பதால் பூ எது, புல்லி எது என்றே தெரியாமல் போய்விடுகிறது. கைலென்ஸ் வைத்துப் பார்த்தால், குழலின் மேல் நெடுக்காக வரிவரியாய் மேடுகள் தெரியும். மேடுகளில் கிளைவிட்ட வெள்ளை ரோமங்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், ரோமங்களுக்கு அடியில் பதுங்கி, பளபளவென்று சில புள்ளிகள் இருக்கும். எண்ணெய்ச் சுரப்பிகள்! ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவுதான். சுரக்கும் செல்கள் அடியில் இருக்கின்றன. அவை சுரக்கும் எண்ணெய் மேல்தோலுக்குக் கீழே சேர்ந்து, அந்தத் தோலை உப்ப வைக்கிறது. நாம் கசக்கும்போது தோல் கிழிகிறது, எண்ணெய் காற்றில் கலக்கிறது.

செடி இவ்வளவு சிரமப்பட்டு எண்ணெய் சேர்ப்பது நாம் சோப்பும் தைலமும் செய்வதற்காகவா? இல்லவே இல்லை. அந்த எண்ணெயில் அதிகம் இருப்பவை லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு பொருட்கள். நமக்கு மணமாகத் தெரியும் இவை, கடித்துத் தின்ன வரும் பல பூச்சிகளுக்குத் தொல்லை. உள்ளே விதை உருவாகும் இடம் என்பதால் புல்லிவட்டத்தில் காவல் பலமாக இருக்கிறது. ஆனால் மகரந்தம் சுமக்கும் தேனீயை விரட்டிவிட்டால் செடிக்கு நஷ்டமாயிற்றே! அதற்கு நிறமும் பூந்தேனும் இருக்கின்றன. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. நீலமும் ஊதாவும் நன்றாகத் தெரியும். லாவெண்டர் வரிசைகளில் தேனீக்களோடு, உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த குண்டு வண்டுத்தேனீக்களும் சுற்றும். நீண்ட நாக்கு உள்ளவற்றுக்குத்தான் இங்கே வசதி. குழலின் அடியில் இருக்கும் தேனைச் சட்டென்று உறிஞ்சிவிட்டு அடுத்த பூவுக்குத் தாவிவிடும். அவற்றைக் கையால் தட்டாதவரை உங்களை அவை கண்டுகொள்வதே இல்லை.

சரி, கண்ணுக்கே தெரியாத அந்த எண்ணெயை எப்படி வெளியே எடுப்பது? பண்ணையிலேயே அதற்கு ஒரு வடிசாலை இருக்கிறது. அறுவடை நடக்கும் நாட்களில் போனால் வேலை நடப்பதை நேரில் பார்க்கலாம். நீங்கள் பார்த்த இட்லிப் பானையின் தத்துவம்தான்: கீழிருந்து நீராவி, மேலே தட்டு. இங்கே தட்டில் மாவுக்குப் பதிலாகக் கதிர்கள். உயரமான உலோகத் தொட்டிக்குள் கதிர்களைத் திணித்து மூடியை இறுக்கி, அடியிலிருந்து நீராவியை விடுகிறார்கள். சுரப்பிகள் உடைந்து, எண்ணெய் ஆவியாகி, நீராவியோடு சேர்ந்து மேலே உள்ள குழாய்க்குள் போகிறது.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். லினலூல் கொதிப்பதற்கு ஏறக்குறைய 198 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. நீராவியோ 100 டிகிரி. பிறகு எப்படி அது ஆவியாகிறது? நீரும் எண்ணெயும் ஒன்றில் ஒன்று கலக்காததுதான் காரணம். கலக்காததால் இரண்டும் தனித்தனியாக ஆவியை வெளியேற்றுகின்றன. ஒரு திரவம் கொதிக்க வேண்டுமானால் அதன் ஆவியின் அழுத்தம் வெளியே உள்ள காற்றழுத்தத்தை எட்ட வேண்டும். இங்கே இரண்டு ஆவிகளும் சேர்ந்து தள்ளுகின்றன. நீர் பெரும்பங்கு தள்ள, எண்ணெய் தன்னால் ஆன சிறுபங்கைத் தள்ள, 100 டிகிரியைத் தொடுவதற்குச் சற்று முன்பே இரண்டும் சேர்ந்து கிளம்பிவிடுகின்றன. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எண்ணெயை அதிக வெப்பத்தில் காய்ச்ச வேண்டியிருக்கும், மணம் கருகிப்போயிருக்கும். எனக்கு இந்தப் பண்ணையில் மிகவும் பிடித்த காட்சி ஊதா வயல் அல்ல, இந்தத் தொட்டிதான்.

குழாய் குளிர்ந்த நீருக்குள் சுருண்டு இறங்குகிறது. உள்ளே போகும் ஆவி மறுபடி திரவமாகி, சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக் குடுவையில் விழுகிறது. எண்ணெய் நீரைவிட லேசானது என்பதால் மேலே மஞ்சள் சாயலோடு மிதக்கும். கீழே உள்ள நீரும் வீணாகாது. அதிலும் கொஞ்சம் மணம் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நூறு கிலோவுக்கும் மேலே கதிர்கள் வேண்டும். அதற்காக அதிக நேரம் ஆவியில் வைத்து எடுத்துவிடலாம் என்று நினைத்தால், லினலைல் அசிடேட் நீரோடு வினைபுரிந்து லினலூலாகவும், வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமாகவும் உடையத் தொடங்கும். எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவரே நல்ல வடிப்பாளர்.

எப்போது அறுப்பது என்பதிலும் ஒரு சிக்கல். கதிரில் பாதிப் பூக்கள் வாடத் தொடங்கும் சமயத்தில்தான் எண்ணெய்க்கு அறுப்பார்கள். பார்க்க வருகிறவர்களுக்கோ எல்லாப் பூவும் பளிச்சென்று இருக்க வேண்டும்! இந்தக் குடும்பம் அதற்கு வழி கண்டிருக்கிறது. முன்னால் பூப்பது, பின்னால் பூப்பது என்று வெவ்வேறு ரகங்களை நட்டிருக்கிறார்கள். அது போக, சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி எண்ணெய்க்கென்றே தனியாக ஒரு பெரிய வயல் வைத்திருக்கிறார்கள்.

லாவெண்டர் ஜப்பானின் செடி அல்ல. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் பிறந்தது. 1937இல் பிரான்ஸிலிருந்து விதை வந்தது. ஜப்பானின் மற்ற பகுதிகளில் ஜூன், ஜூலையில் விடாமல் பெய்யும் மழைக்காலம் ஹொக்கைடோவில் அநேகமாக இல்லை. வேர் ஈரத்தில் ஊறினால் அழுகிவிடும் செடி இது. எனவே அந்தத் தீவு பொருந்திப்போனது. 1958இல் டொமிடா தடாவோ என்ற இளம் விவசாயி பயிரிடத் தொடங்கினார். 1970 வாக்கில் அந்தப் பகுதியில் 250க்கும் மேற்பட்ட குடும்பங்கள் லாவெண்டர் போட்டிருந்தன.

பிறகு அடி விழுந்தது. பைன் மரத்திலிருந்து வரும் டர்பன்டைனைக் கொண்டே லினலூலைத் தொழிற்சாலையில் செய்ய முடிந்தது. வெளிநாட்டு எண்ணெயும் மலிவாக இறங்கியது. வாசனைப் பொருள் நிறுவனங்கள் வாங்குவதை நிறுத்தின. வேதியியலாளர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கே செய்தாலும் லினலூல் லினலூல்தான். ஆனால் உண்மையான லாவெண்டர் எண்ணெயில் அது ஒன்று மட்டும் இல்லை, நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் கலந்திருக்கின்றன. மற்றவர்கள் ஒவ்வொருவராக வயலை உழுதுவிட்டு வேறு பயிருக்கு மாறினார்கள். தடாவோ மாறவில்லை. 1976ஆம் ஆண்டுக்கான ஜப்பான் தேசிய ரயில்வே நாட்காட்டியில் அவருடைய வயலின் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் படம்பிடிக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், பிறகு கூட்டம் கூட்டமாகப் பயணிகள். 1990இல் பிரான்ஸில் நடந்த போட்டியில் இவர்களுடைய 'ஒகாமுராசாகி' ரக எண்ணெய் முதல் பரிசு வாங்கியது.

குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் தாழும். செடி செத்துவிடாதா? பனி மூடிவிடுவதால்தான் பிழைக்கிறது! உதிர்பனிக்குள் நிறையக் காற்று சிக்கியிருக்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் மேலே எவ்வளவு குளிர்ந்தாலும், ஆழமான பனிக்கு அடியில் மண் ஏறக்குறைய சுழிய டிகிரியிலேயே இருக்கும்.

நம் ஊர்ச் சமவெளியின் வெக்கையிலும் புழுக்கத்திலும் லாவெண்டர் தாங்காது. ஆனால் அதன் உறவினர்கள் நம் வீட்டைச் சுற்றியே இருக்கிறார்கள்: துளசி, புதினா, கற்பூரவல்லி, தும்பை. துளசித் தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், உருளாது. நான்கு பட்டையாக இருக்கும். லாவெண்டர் தண்டும் அப்படித்தான். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் கைலென்ஸில் பாருங்கள், எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அடுத்து அடுக்களைக்குப் போய்க் கொஞ்சம் கொத்தமல்லி விதையை நசுக்கி முகருங்கள். கொத்தமல்லி லாவெண்டரின் குடும்பமே இல்லை. ஆனாலும் அந்த விதையின் எண்ணெயில் மிக அதிகமாக இருப்பது எது தெரியுமா? அதே லினலூல்!