மழை வருமா? வரலாமா?

குட்டீஸ்! மழைக்காலத்தில் வானிலை மையத்தின் ஆங்கில அறிக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கணக்கு உண்டு.

'அன்லைக்லி' என்றால், மழைக்கு வாய்ப்பு 25 சதவீதத்துக்கும் குறைவு. 'லைக்லி' என்றால் 25 முதல் 50 வரை. 'வெரி லைக்லி' என்றால் 50 முதல் 75 வரை. 'மோஸ்ட் லைக்லி' என்றால் 75-க்கும் மேல்!

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எனவே, 'வெரி லைக்லி கனமழை' என்று வந்தால், புத்தகப் பையை உயரத்தில் வையுங்கள்!

நீங்கள் பேசும்போதும் அப்படித்தான். சந்தேகமா? 'ஐ மே கம்' என்று சொல்லுங்கள். நிச்சயமா? 'ஐ வில் கம்'. சொல்லிவிட்டுப் போகாவிட்டால், பாவம், நண்பன் காத்திருப்பானே!