துணி மடிக்க மெஷின்: வாங்கலாமா, செய்யலாமா?

துணி துவைக்க வாஷிங் மெஷின் வந்துவிட்டது. மாவு அரைக்க கிரைண்டர் வந்துவிட்டது. கணக்குப் போடவும் கடிதம் எழுதவும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் கொடியில் காய்ந்த துண்டையும் பெட்ஷீட்டையும் எடுத்து, மடித்து, பீரோவில் அடுக்கும் வேலை மட்டும் இன்றும் கையால்தான் நடக்கிறது. அதுவும் பெரும்பாலான வீடுகளில் பெண்களின் கையால்.

நொடிக்குக் கோடிக்கணக்கான கணக்குகளைப் போடும் கம்ப்யூட்டரால் ஒரு துண்டை மடிக்க முடியாதா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான் இது. இதற்கான பதில் தெரிந்தால், கம்ப்யூட்டருக்கு எந்த வேலை எளிது, எந்த வேலை கடினம் என்பது புரிந்துவிடும். துணி மடிக்கும் மெஷின் என்று வரும் விளம்பரங்களைப் பார்த்து அவசரப்பட்டு முன்பணம் கட்டாமல் இருக்கவும் அது உதவும்.

சிமெண்ட் மூட்டையும் பருத்தித் துண்டும்

பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களான அரியலூரையும் பெரம்பலூரையும் எடுத்துக்கொள்வோம். அரியலூர் சுண்ணாம்புக் கல்லுக்கும் சிமெண்டுக்கும் பெயர் பெற்றது. 1979ஆம் ஆண்டு தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலையும் அங்கே இருக்கிறது. பெரம்பலூர், பருத்தியும் மக்காச்சோளமும் அதிகம் விளையும் மாவட்டம்.

நவீன சிமெண்ட் ஆலைகளில் 50 கிலோ மூட்டையை மெஷினே நிரப்புகிறது. எடை சரியானதும் தானாக நிறுத்துகிறது. கன்வேயர் பெல்ட் அதை லாரி வரை கொண்டுபோகிறது. மனிதர் ஒருவர் தூக்கத் திணறும் மூட்டையை மெஷின் சுலபமாகக் கையாள்கிறது. ஆனால் பருத்தியில் நெய்த, கால் கிலோகூட இல்லாத ஒரு துண்டை எடுத்து மடிக்கச் சொன்னால் அதே மெஷின் உலகம் திணறிப்போகிறது. ஏன்?

நிரம்பிய மூட்டையின் வடிவம் பெரிதாக மாறாது. அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல ஆறு எண்கள் போதும். நீளவாட்டில் எங்கே, அகலவாட்டில் எங்கே, எவ்வளவு உயரத்தில் என்பதற்கு மூன்று. மூன்று திசைகளில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதற்கு மூன்று. இந்த ஆறு எண்களையும் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

துண்டு அப்படி இல்லை. கட்டிலில் போட்ட துண்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சுருண்டு கிடக்கும். ஒரு மூலை மேலே தெரியும், மற்றொன்று அடியில் மாட்டியிருக்கும். எடுக்க எடுக்க வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். இதை எத்தனை எண்களால் சொல்வது? இங்கேதான் கம்ப்யூட்டர் தடுமாறுகிறது.

ஒரு துண்டுக்கு 25 நிமிடம்

இந்தச் சிக்கலை 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுத்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது பி.ஆர்.2 என்ற இரண்டு கை ரோபோ. அப்போது அதன் விலை 4 லட்சம் டாலர்.

மேசையில் குவித்துப் போட்ட துண்டுகளில் ஒன்றை ரோபோ தூக்கும். தூக்கிப் பிடித்துச் சுற்றிக்காட்டும். கேமராக்கள் பல கோணங்களில் படம் எடுக்கும். அந்தப் படங்களில் துணியின் ஓரம் எது, மூலை எது என்று புரோகிராம் தேடும். ஒரு மூலை கிடைத்ததும் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அடுத்த மூலையைத் தேடும். இரண்டு மூலைகளும் கையில் வந்தபிறகு மேசையில் விரித்து மடித்து, நீவிவிட்டு, அடுக்கி வைக்கும்.

சோதனையில் கொடுத்த 50 துண்டுகளையும் அது சரியாக மடித்தது. அன்றைக்கு அது பெரிய சாதனை. ஆனால் ஒரு துண்டுக்கு ஆன நேரம் சராசரியாக 25 நிமிடம்! வெளியிட்ட வீடியோவை 50 மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் காட்டினார்கள். பெரும்பகுதி நேரத்தை விழுங்கியது மூலையைக் கண்டுபிடிக்கும் வேலை. மூலை கிடைத்த பிறகு மடிப்பது சில அசைவுகள்தான்.

கண் பார்க்காமலே விரல் நுனியால் தடவி மூலையைப் பிடித்து ஓர் உதறு உதறுகிறார்களே வீட்டில், அதில் எவ்வளவு பெரிய திறமை இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

விற்பனைக்கு வராமலே போன இரண்டு மெஷின்கள்

ஜப்பானின் செவன் டிரீமர்ஸ் நிறுவனம் 'லாண்ட்ராய்டு' என்ற மெஷினை 2015இல் அறிமுகப்படுத்தியது. பார்க்க ஓர் அலமாரி போல இருக்கும். கீழ் அறையில் காய்ந்த துணிகளைக் கொட்டினால் உள்ளே இருக்கும் கைகள் ஒவ்வொன்றாக எடுத்து, கேமராவில் பார்த்து, மடித்து, தட்டுகளில் வைக்கும். எந்தத் துணி என்று கண்டுபிடிக்க இன்டர்நெட் வழியாக சர்வரின் உதவியை நாடும். ஒரு டி-ஷர்ட்டுக்குப் பல நிமிடங்கள் ஆகும். அறிவித்த விலை 18.5 லட்சம் யென். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் மேல். 2019 ஏப்ரலில் நிறுவனம் திவாலானது.

இஸ்ரேலின் 'ஃபோல்டிமேட்' வேறு வழியில் போனது. துணியை விரித்து ஒவ்வொன்றாக கிளிப்பில் மாட்டும் வேலையை நம்மிடமே விட்டுவிட்டது. மாட்டினால் உள்ளே இழுத்து சில நொடிகளில் மடித்துக் கீழே தரும். பேசப்பட்ட விலை 980 டாலர்; 2019இல் சுமார் 68 ஆயிரம் ரூபாய். பெட்ஷீட் போன்ற பெரிய துணிகளை அதனால் மடிக்க முடியாது. 2021இல் அந்த நிறுவனமும் மூடப்பட்டது.

இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூலை தேடும் வேலையையும் தானே செய்ய முயன்ற மெஷின் மெதுவாகவும் பல லட்சம் விலையிலும் இருந்தது. அந்த வேலையை மனிதரிடம் விட்ட மெஷின் வேகமாகவும் மலிவாகவும் இருந்தது. ஆனால் விரித்து மாட்டுகிற நேரத்தில் நாமே மடித்துவிடலாமே என்ற கேள்வி வந்தது.

ஆஸ்பத்திரியில் ஓடுகிறதே?

பெரிய ஆஸ்பத்திரிகளிலும் ஓட்டல்களிலும் பெட்ஷீட் மடிக்கும் மெஷின்கள் பல ஆண்டுகளாக உண்டு. அங்கேயும் பெரும்பாலும் பணியாளர்தான் இரண்டு மூலைகளைப் பிடித்து கிளிப்பில் கொடுப்பார். பிறகு மெஷின் இழுத்து, சூடான உருளைகளில் இஸ்திரி போட்டு, சென்சாரால் நீளத்தை அளந்து, சரியாக நடுவில் காற்றை ஊதியோ தகட்டால் தள்ளியோ மடித்துவிடும். ஒரே அளவில் நூற்றுக்கணக்கான பெட்ஷீட் வரும் இடத்துக்கு அது லாபம். ஐந்து பேர் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

இப்போது நிலைமை என்ன?

முன்னேற்றம் இருக்கிறது. 2022இல் பெர்க்லி ஆராய்ச்சியாளர்களும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய முறையில், கசங்கிக் கிடக்கும் துணியை ரோபோ சராசரியாக 2 நிமிடத்துக்குள் மடித்தது. வெற்றி 93 சதவீதம். 2024 அக்டோபரில் பிசிக்கல் இன்டலிஜென்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், துணியை எடுத்து மடிக்கும் ரோபோவைக் காட்டியது. இதில் ஒவ்வொரு அசைவையும் புரோகிராமில் எழுதுவதில்லை. மனிதர்கள் ரோபோவின் கைகளை இயக்கி மீண்டும் மீண்டும் மடித்துக் காட்டுகிறார்கள். அந்தப் பதிவுகளைப் பார்த்து கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறது.

2025 அக்டோபரில் 1எக்ஸ் என்ற நிறுவனம் 'நியோ' என்ற வீட்டு ரோபோவுக்கு முன்பதிவு தொடங்கியது. விலை 20 ஆயிரம் டாலர். அதற்குத் தெரியாத வேலை வந்தால், நம் அனுமதியுடன் நிறுவனத்தின் ஆள் எங்கிருந்தோ அதன் கேமரா வழியாகப் பார்த்து இயக்கிக் கற்றுத் தருவார். படுக்கையறை பீரோ வரை வெளி ஆள் பார்க்க நாம் சம்மதிப்போமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. துணிகளைக் குவியலாகப் போடலாமா, ஒவ்வொன்றாக நாமே மாட்ட வேண்டுமா?
2. எவ்வளவு பெரிய துணியை மடிக்கும்? டபுள் பெட்ஷீட், வேட்டி, சேலை மடியுமா?
3. வேகத்தைக் கூட்டாமல் எடுத்த வீடியோ உண்டா?
4. வேலை செய்ய இன்டர்நெட்டும் நிறுவனத்தின் சர்வரும் வேண்டுமா? நிறுவனம் மூடினால் மெஷின் வெறும் பெட்டியாகிவிடுமா?

இந்த நான்குக்கும் தெளிவான பதில் இல்லை என்றால் காத்திருப்பதே நல்லது.

வீட்டிலேயே செய்யும் மடிப்புப் பலகை

மூலையைக் கண்டுபிடிப்பது நமக்கு எளிது. ஒரே அளவில் மடிப்பதுதான் சலிப்பான வேலை. அந்தப் பாதியை மட்டும் செய்யும் சாதனம் ஒன்று உண்டு. கீல் வைத்த பிளாஸ்டிக் பலகையாகக் கடைகளில் விற்கிறது. அட்டைப் பெட்டியில் நாமே செய்யலாம். கம்ப்யூட்டர் வந்த பெட்டியை மட்டும் வெட்டாதீர்கள்! வாரண்டி காலத்தில் சர்வீசுக்கு அனுப்ப அது தேவைப்படும். எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் ஃபேன், கூலர் பெட்டி கிடைக்கும்.

வெட்ட வேண்டியவை: 25க்கு 64 செ.மீ. அளவில் இரண்டு நீளத் துண்டுகள். 25க்கு 32 செ.மீ. அளவில் ஒன்று. 25க்கு 31.5 செ.மீ. அளவில் ஒன்று.

சேர்க்கும் முறை: இரண்டு நீள அட்டைகளையும் இடமும் வலமுமாக வையுங்கள். நடுவில் மேலே 32 செ.மீ. அட்டை, கீழே 31.5 செ.மீ. அட்டை. எல்லாவற்றுக்கும் இடையில் அரை செ.மீ. இடைவெளி வேண்டும். இடது, வலது, நடுக்கீழ் ஆகிய மூன்று அட்டைகளையும் நடுமேல் அட்டையுடன் மட்டும் அகலமான பிரவுன் டேப்பால் இருபுறமும் ஒட்டுங்கள். நடுக்கீழ் அட்டை பக்கத்து அட்டைகளுடன் ஒட்டக் கூடாது. அப்போதுதான் தனியாக மேலே மடங்கும்.

குளியல் துண்டு (75க்கு 150 செ.மீ.) மடிக்கும் முறை:

1. நீளத்தைப் பாதியாக்குங்கள். 75க்கு 75 ஆகும்.
2. கீழே 11 செ.மீ. அளவு மேலே மடித்துப் பலகையில் விரியுங்கள். பலகை முழுவதும் நிறையும்.
3. வலது அட்டையைத் துணியோடு உள்ளே புரட்டி, அட்டையை மட்டும் திரும்ப வையுங்கள்.
4. இடது அட்டையையும் அப்படியே செய்யுங்கள்.
5. நடுக்கீழ் அட்டையை மேலே புரட்டித் திரும்ப வையுங்கள்.

25க்கு 32 செ.மீ. அளவில் துண்டு தயார். சட்டை என்றால் பட்டனைப் போட்டு முதுகுப் பக்கம் மேலே இருக்கும்படி, காலர் பலகையின் மேல் விளிம்பில் வரும்படி வைத்து, 3 முதல் 5 வரை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் வெளியே நீட்டும் கையை மட்டும் திருப்பி மடித்துவிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள்கூட ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள். பிறகு வேலையை வீட்டில் பகிர்ந்துகொள்ளலாம்.

கவனித்தீர்களா? இந்த ஐந்து வரிகள் ஒரு புரோகிராம்தான். வரிசை மாறாத கட்டளைகள், எப்போதும் ஒரே விடை. துணியை விரித்து வைக்கும் நீங்கள்தான் இன்புட். கீபோர்டில் தகவலைச் சரியாகக் கொடுத்தால்தான் கம்ப்யூட்டர் சரியான விடை தரும் என்பதும் இதே கதைதான்.

பெட்ஷீட்டும் பிட் கணக்கும்

90க்கு 100 அங்குல டபுள் பெட்ஷீட் இந்தப் பலகையில் அடங்காது. அதற்கு இரண்டு பேர் மூலைகளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பாதியாக மடிப்பதே வழி.

முதல் மடிப்பு: 90க்கு 50, 2 அடுக்கு.
இரண்டாவது: 45க்கு 50, 4 அடுக்கு.
மூன்றாவது: 45க்கு 25, 8 அடுக்கு.
நான்காவது: 22.5க்கு 25, 16 அடுக்கு.
ஐந்தாவது: 22.5க்கு 12.5, 32 அடுக்கு.

2, 4, 8, 16, 32 என்ற எண்களைக் கம்ப்யூட்டர் கடையிலும் கேட்டிருப்பீர்கள். ஒரு பிட் சேரும்போது கம்ப்யூட்டர் குறிப்பிடக்கூடிய மெமரி இடங்கள் இரண்டு மடங்காகும். ஒரு மடிப்பு சேரும்போது அடுக்குகள் இரண்டு மடங்காகும். இரண்டும் ஒரே கணக்கு.

அடுக்கி வைக்க

ஐந்து முறை மடித்த பெட்ஷீட்டை அதன் தலையணை உறை ஒன்றுக்குள் இன்னோர் உறையையும் சேர்த்து வைத்துவிடுங்கள். ஒரு செட் ஒரே பொட்டலமாகிவிடும். விருந்தினர் வரும்போது பீரோவைக் கலைத்துத் தேட வேண்டாம். ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே உள்ளே வையுங்கள். காய்ந்த வேப்பிலையைச் சிறு துணியில் முடிந்து தட்டில் போட்டால் பூச்சி அண்டாது. புதிதாக மடித்ததை அடியில் வைத்து மேலிருந்து எடுத்துப் பயன்படுத்தினால் எல்லாத் துணியும் சமமாகத் தேயும்.

கம்ப்யூட்டருக்கும் ஒரு வேலை கொடுங்கள். எக்ஸெல்லில் துணி, அளவு, எந்தத் தட்டு, வாங்கிய ஆண்டு என்று நான்கு காலம் போட்டு ஒரு பட்டியல் தயாரியுங்கள். எக்ஸெல் பழகவும் இது நல்ல பயிற்சி. துணி எங்கே இருக்கிறது என்பதை அது ஒரு நொடியில் சொல்லிவிடும். மூலையைப் பிடிக்க மட்டும் உங்கள் விரல்கள்தான் வேண்டும்.