ஈரல் மருந்தும் சிறுநீரகமும்

அநுராதபுரத்து நிலங்களை நனைத்துவரும் அருவியாறு, நம் கட்டுக்கரைக் குளத்துக்கும் நீர் ஊட்டி, அரிப்புக்கு அண்மையிற் கடலொடு கலக்கின்றது. அது பாய்ந்துவரும் வடமத்திய மாகாணத்திலே, காரணம் இன்னதெனத் துணியப்படாத சிறுநீரக நோயொன்று 1990களிலிருந்து உழவர் பலரைப் பற்றி வருதலை யாவரும் அறிவர். (ஆற்றின்மேற் பழி சுமத்துவது நம் கருத்தன்று.) அயலிலே இத்துன்பம் இருத்தலின், புதுக் குளிசை எதனைக் கண்டாலும் "இது சிறுநீரகத்தைக் கெடுக்குமோ?" என மன்னாரில் உள்ளோர் வினவுதல் இயல்பே. வினாவும் நன்றே. ஆயின் 'சி' வகை ஈரலழற்சியைப் பொறுத்தவரை அவ்வச்சமே நோயாளியைக் கெடுத்துவிடக் கூடும். ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

இந்நோய்க்குரிய வைரசு 1989இற் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் குருதி வழியே பரவுவது. நம் நாட்டில் இஃது அரிது. குருதி வங்கியும் ஒவ்வொரு கொடையையும் இதற்கெனச் சோதிக்கின்றது. எனினும் ஒருவருக்கு ஏற்றிய ஊசியை மற்றொருவருக்கு ஏற்றுவதாலும், இயந்திரத்தாற் குருதியைச் சுத்திகரிக்கும் டயலிசிஸ் நிலையங்களிற் கவனம் குறைவதாலும் தொற்றலாம். செங்கமாரி தோன்றாமலே பல்லாண்டு ஈரலைத் தின்னும். ஈரலோடும் அது நில்லாது. வைரசும் அதனை எதிர்க்க எழுந்த புரதங்களும் ஒன்றாய்த் திரண்டு, சிறுநீரகத்தின் நுண்வடிகளிற் படிந்து அவற்றையும் பழுதாக்குவதுண்டு. மருந்துக்கு அஞ்சிச் சும்மா இருப்பவர் சிறுநீரகத்தைக் காத்தவர் ஆகார்.

பழைய பரிகாரத்துக்கு அஞ்சியதில் நியாயம் இருந்தது. இன்ரபெறோன் ஊசியும் றைபவிரின் குளிசையும் பெரும்பாலும் 24 முதல் 48 வாரம் வரை கொடுக்கப்பட்டன. றைபவிரின், சிறுநீரகம் தளர்ந்தவர் உடலிலே தேங்கிச் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். முன்னரே குருதி குன்றிய அவர்க்கு அது பேரிடர்.

2013இல் வந்த சொபொஸ்புவிர் அவ்வாறானதன்று. ஈரற் கலத்துட் புகுந்து செயல்வடிவம் பெற்று, வைரசு தன்னைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியத்தைத் தடுப்பது அதன் தொழில். தொழில் முடிந்த எச்சம் சிறுநீர் வழியே வெளியேறும். சிறுநீரகம் செயலிழந்தவரில் அவ்வெச்சம் பன்மடங்கு சேர்வது காணப்பட்டமையின், வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறைந்தவர்க்கு அதனைக் கொடுக்க வைத்தியர் தயங்கினர். சேர்ந்த எச்சம் நஞ்சாகுமா என்பதே அன்றைய கேள்வி. டயலிசிஸ் செய்துவந்த 59 பேருக்குச் சொபொஸ்புவிரும் வெல்பற்றஸ்விரும் 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில் 56 பேர் குணமடைந்தனர். 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, டயலிசிஸ் செய்வோர்க்கும் அளவைக் குறைக்காது கொடுக்கலாமென விதியைத் திருத்தியது. கிளெக்கப்பிறெவிர், பிப்றென்ரஸ்விர் என்னும் இணைமருந்தோ பெரிதும் பித்தநீர் வழியே கழிவது. 2017இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் மிகப் பழுதுற்ற 104 பேருள் 102 பேர் அதனாற் குணமாயினர்.

அமெரிக்காவில் 84,000 டொலருக்கு விற்ற 12 வாரச் சொபொஸ்புவிரை, 2014இல் உரிமம் பெற்ற இந்திய நிறுவனங்கள் மிகக் குறைந்த விலையில் ஆக்கத் தொடங்கின. அக்கரையார் செய்த உபகாரம் சிறிதன்று.

இனி, உண்மையில் அஞ்சவேண்டியவை வேறு. இதயத் துடிப்புக்கு அமியோடறோன் உண்பவர் சொபொஸ்புவிர் எடுத்தால் நாடி ஆபத்தாக மந்தமுறலாம். காசநோய்க்கான றிபாம்பிசின் மருந்தின் வலியைக் குறைக்கும்; வயிற்றெரிவுக்கான ஒமெப்பிறசோல் வெல்பற்றஸ்விரை உடல் ஏற்பதைத் தடுக்கும். 'பி' வகை ஈரலழற்சி உள்ளே உறங்கிக் கிடப்பின், 'சி' அழியும்போது அது விழித்தெழக் கூடும். அதனையும் முதலிற் சோதித்தல் வேண்டும். ஈரல் முற்றாகத் தளர்ந்தவர்க்குக் கிளெக்கப்பிறெவிர் ஆகாது. மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கியுண்ணும் டைக்குளோபினாக் சிறுநீரகத்துக்கு இவையனைத்தினும் கொடிது. அதனை எவரும் ஐயுறாதது வியப்பே. கீழ்க்காய்நெல்லியை அரைத்துப் பாலிற் குடித்தல் நம்மவர் வழக்கம். 'சி' வைரசை அது நீக்காது.

மருந்து முடிந்து 12 வாரத்தின் பின்னும் குருதியில் வைரசு இல்லையெனின் நோய் நீங்கியதாகக் கொள்வர். மீண்டும் தொற்றாது என்பதன்று. ஆதலின் டயலிசிஸ் செய்வோர் தொடர்ந்து சோதிக்கப்படல் வேண்டும்; அப்போது வைரசையே தேடும் சோதனையைக் கேட்டுப் பெறுக. எதிர்ப்புப் புரதச் சோதனை, குணமானவரையும் பெரும்பாலும் நோயாளியெனவே காட்டும்.