பூனைக்கு வரும் நீரிழிவும் அதனை இல்லத்திற் பேணும் முறையும்

நீரிழிவு என்னும் நோயை அறியாதார் இன்று நம்மிடையே இலர். இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர், காலையில் விரல் நுனியைக் குத்திக் குருதிச் சீனியை அளந்த பின்னரே தேநீர் அருந்துவோராதல் கூடும். ஆயின் அந்நோய் வீட்டிலே வளரும் பூனைக்கும் வரும் என்பதையும், வந்தவிடத்து அதனை வீட்டிலேயே அளந்து அடக்கி வைத்தல் இயலும் என்பதையும் அறிந்தோர் சிலரே. வத்தளையில் எமது இல்லத்திற் பதினோராண்டு வளர்ந்த கடுவன் பூனை ஒன்றுக்கு, 2021ஆம் ஆண்டின் இறுதியில் இந்நோய் கண்டபோது நாமும் அறியாதாராகவே இருந்தோம். மிருக வைத்தியர் கற்பித்தவற்றையும், நாம் பட்டு அறிந்தவற்றையும் பிறர்க்குப் பயன்படுமாறு இங்கே தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் குறிகள்

எமக்கு நோயை முதலில் அறிவித்தவை எறும்புகளே. கொல்லை மணலிற் பூனை சிறுநீர் கழித்த இடத்தில் அவை மொய்க்கக் கண்டோம். நீரிழிவாளரின் சிறுநீரை எறும்பு நாடும் என்பதைப் பண்டைய பாரத வைத்தியர் அறிந்திருந்தனர். அந்நோய்க்கு அவர் இட்ட மதுமேகம் என்னும் பெயரும் அதனையே உணர்த்தும். பின்னர் நோக்கியபோது ஏனைய குறிகளும் தெளிவாயின. முன்னர் நாள் முழுதும் தீராத நீர்ச்சட்டி நண்பகலுக்குள் வற்றியது. பூனை முன்னிலும் மிகுதியாக உண்டது, ஆனாலும் மெலிந்தது. நோய் முற்றிய சில பூனைகள் பின்னங்கால்களின் நரம்பு தளர்ந்து, விரல்களால் நடவாமற் குதிகால் நிலத்திற் படிய நடக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

நோயின் காரணம்

உண்ட உணவிலிருந்து குருதியிற் சேரும் குளுக்கோசு உடலின் கலங்களுட் புகுதற்கு இன்சுலின் துணைபுரிகின்றது. அதனைச் சுரப்பது சதையி. இதனைக் கணையம் என்றும் கூறுவர். பூனைக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் மனிதருக்கு நடுவயதில் வரும் வகையை ஒத்தது. உடல் பருத்தலால் இன்சுலினின் ஆற்றல் குன்ற, அதனை ஈடுசெய்ய மிகைபடச் சுரந்து சதையியும் நாளடைவில் தளர்கின்றது. வயது முதிர்ந்த, பருத்த, விதையடித்த கடுவன்களே இதற்குப் பெரிதும் ஆளாகின்றன. வேறு நோய்க்கென நெடுநாட் கொடுக்கும் ஸ்ரெரொயிட்டு மருந்துகளும் இதனைத் தோற்றுவித்தல் உண்டு.

நலமுள்ள பூனையின் குருதிச் சீனி ஒரு தெசிலீற்றருக்கு ஏறத்தாழ 70 முதல் 150 மில்லிகிராம் வரை இருக்கும். அது 250ஐக் கடந்து உயரும்போது சிறுநீரகம் தடுத்து வைக்கமாட்டாமற் சீனியைச் சிறுநீரில் விடுகின்றது. சீனி நீரையும் உடன் இழுத்துச் செல்லும். ஆகவே பூனை மிகுதியாகச் சிறுநீர் கழிக்கின்றது. கழித்ததனால் விடாய் கொள்கின்றது.

நோயைத் துணிதலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பூனை அச்சமுள்ள பிராணி. கூட்டில் அடைத்து முச்சக்கர வண்டியிற் கொண்டு சென்று, நாய்கள் குரைக்கும் கூடத்திற் காத்திருக்க வைத்தால், நோயற்ற பூனைக்கும் குருதிச் சீனி 300க்கு மேல் ஏறுதல் கூடும். அதனால் வைத்தியர் ஒருமுறை அளந்த எண்ணை மட்டும் நம்பாது, சிறுநீரையும் சோதிப்பர். முந்திய இரு வார அளவிலான சீனி நிலையைக் காட்டும் புருக்ரோசமைன் சோதனையையும் செய்விப்பர். பூனைக்குப் பழகிய இடமாகிய வீட்டில் அளக்கும் எண்ணே மெய்ந்நிலைக்கு அணித்தானது என்பதும் இதனாற் பெறப்படும்.

உணவு

பூனை ஊனுண்ணும் இயல்பினது. மாப்பொருளை ஏற்றுப் பயன்படுத்தும் ஆற்றல் அதன் ஈரலுக்குக் குறைவு. நம் வீடுகளிலோ சோற்றிலே சிறிது மீனைப் பிசைந்து வைத்தலே வழக்கம். எமது பூனையும் அவ்வாறே வளர்ந்தது. நோய் கண்டபின் சோற்றையும் பாலையும் நீக்கிப் புரதம் மிகுந்த உணவுக்கு மாற்றினோம். தனி மீனோ தனிக் கோழியிறைச்சியோ நெடுநாளைக்கு நிறைவான உணவாகாது. பச்சை மீனை இடைவிடாது கொடுத்தால் உயிர்ச்சத்துக் குறைபாடும் நேரும். மாப்பொருள் குறைந்த தகரத்து உணவையோ, வைத்தியர் வகுத்துக் கொடுக்கும் வீட்டுணவையோ கொள்ளுதல் நன்று.

இரண்டு எச்சரிக்கைகள் ஈண்டு வேண்டப்படும். பருத்த பூனையைப் பட்டினி போடலாகாது. சில நாட் பட்டினியே அதன் ஈரலிற் கொழுப்பை நிரப்பி உயிருக்கு ஊறு செய்யும். மற்றொன்று, இன்சுலின் பெறும் பூனைக்குச் சோற்றைச் சடுதியாக நிறுத்தினாற் சீனியும் சடுதியாக வீழும். ஆதலின் உணவை மாற்றும்போது வைத்தியருக்கு அறிவித்து, மருந்தின் அளவையும் அவர் சொற்படி மாற்றுதல் வேண்டும்.

மருந்து

பூனைக்கு இன்சுலின் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை தோலின் கீழே ஏற்றப்படும். எமது வைத்தியர் தொடக்கத்தில் விதித்தது காலை ஓர் அலகும் மாலை ஓர் அலகுமே. விலங்குகளுக்கென ஆக்கப்படும் இன்சுலின் உண்டு. மனிதருக்குரிய கிளாஜின் என்னும் வகையும் பூனைக்கு நன்கு பயன்படுகின்றது. விலாப்புறத் தோலைச் சிறிது தூக்கிப் பிடித்து, இடத்தை நாடோறும் மாற்றி ஏற்றுதல் வேண்டும். ஊசி மிக நுண்ணியது; உணவிலே கண்ணாயிருக்கும் பூனை அதனைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

ஊசிக்குழலைத் தெரிதலிற் பிழை நேர்ந்தால் அது பெருந்தீங்காகும். விலங்குகளுக்குரிய இன்சுலினிற் சில ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு கொண்டவை. மனிதருக்குரியவை பெரும்பாலும் 100 அலகு கொண்டவை. ஒவ்வொன்றுக்கும் உரிய ஊசிக்குழல் வேறு. 100 அலகு மருந்தை 40க்குரிய குழலில் ஒரு கோடு எடுத்தால், ஏறுவது ஓர் அலகன்று; இரண்டரை அலகு. கடையில் வாங்கும்போதே போத்தலிலுள்ள எண்ணையும் குழலிலுள்ள எண்ணையும் ஒத்துப் பார்த்தல் வேண்டும்.

வீட்டில் ஒருவர் ஏற்றியதை அறியாது மற்றொருவரும் ஏற்றிவிடுதல் கூடும். ஆகவே ஒரு கொப்பியைச் சமையலறையிற் கட்டித் தொங்கவிட்டோம். நாள், நேரம், அளந்த சீனி, உண்ட உணவு, ஏற்றிய அலகு, ஏற்றியவர் பெயர் ஆகியவற்றை வகுப்பறையில் வரவு இடாப்புக் குறிப்பது போல உடனுக்குடன் குறித்தோம். மருந்து உடலிற் சென்றதோ மயிரிற் சிந்தியதோ என்ற ஐயம் எழுந்தால் மீண்டும் ஏற்றலாகாது. ஒருவேளை மருந்து தவறுவதால் வரும் கேடு சிறிது. இருமடங்கு ஏறுவதால் வரும் கேடு பெரிது. பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் வீசாது, தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் இட்டு மூடி, மருந்தகத்திலோ வைத்தியரிடமோ சேர்ப்பித்தல் வேண்டும்; குப்பை அள்ளுவோரும் நம்மைப் போன்ற மக்களே.

அளத்தல்

பூனையின் செவி விளிம்பில் ஓடும் நுண்ணிய நாளத்திற் குத்தி ஒரு துளி குருதி பெறுதலே எளிய வழி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியாற் செவியைச் சிறிது நேரம் சூடாக்கினாற் குருதி எளிதில் வரும். பின்புறம் பஞ்சை வைத்துக்கொண்டு குத்துக, துளியைக் கருவியின் நாடாவில் தொடுக, பஞ்சினால் அழுத்துக, விருப்பமான உணவில் ஒரு துண்டு கொடுக்க. முதல் வாரம் எமக்கும் அதற்கும் போராட்டமாயிருந்தது; மூன்றாம் வாரத்திற் கொப்பியை எடுத்தாலே தானாக வந்தமர்ந்தது.

மனிதருக்குரிய குளுக்கோமீற்றர் பூனையின் குருதியில் உள்ளதைவிடச் சற்றுக் குறைத்தே பெரும்பாலும் காட்டும். விலங்குகளுக்கெனத் திருத்திய கருவியும் உண்டு. எதனைக் கொண்டாலும் எப்போதும் அதனையே கொள்ளுதலும், அது யாதென வைத்தியருக்குக் கூறுதலும் வேண்டும். ஊசிக்கு முன் தவறாது அளத்தல் வேண்டும். அதனோடு, வைத்தியர் சொல்லும் நாளில் இரண்டு மணிக்கு ஒருமுறை பன்னிரண்டு மணி நேரம் அளந்து எழுதினால், மருந்து எப்பொழுது முழுவலி கொள்கின்றது, சீனி எவ்வளவு தாழ்கின்றது என்பன புலப்படும். நாளின் பெரும்பகுதியில் 100க்கும் 300க்கும் இடையே நிற்பதே போதிய அடக்கம். நலமுள்ள பூனையின் எண்ணை ஒவ்வொரு வேளையும் எட்டவேண்டும் என்று மருந்தை ஏற்றிக்கொண்டே போதல் அறிவின்மை. ஒரு நாளின் எண்ணைக் கண்டு அளவை மாற்றவும் கூடாது. பல நாட் குறிப்பைக் கண்டு வைத்தியரே மாற்றுதல் வேண்டும்.

வீழ்ச்சி

உயர்ந்த சீனி நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கெடுக்கும். வீழ்ந்த சீனி நாழிகைக் கணக்கிற் கொல்லும். இவ்வுண்மையை 2022ஆம் ஆண்டு மே மாதத்து இரவொன்றில் நாம் கற்றோம். நாட்டில் மின்சாரமும் எரிவாயுவும் எரிபொருளும் அரிதாயிருந்த காலம் அது. மின்வெட்டு வேளையிற் குப்பி விளக்கொளியில், உணவு ஆக்கி முடியுமுன்னரே, அளவாமல் ஊசியை ஏற்றிவிட்டோம். பின்னர் வைத்த உணவைப் பூனை முகர்ந்துவிட்டு அகன்றது. இரண்டு மணி கழித்து அலுமாரியின் கீழே கண்டபோது, அது எழ முயன்று தள்ளாடி விழுந்தது. அளந்தோம், 46.

தேனை விரலில் எடுத்து அதன் ஈறுகளிலே தடவினோம். உணர்விழந்த பூனையின் வாயில் எதனையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலுட் புகும். ஈறில் தடவுவதே முறை. வைத்தியரிடம் கொண்டு செல்ல அயலில் ஒரு வண்டியிலும் பெற்றோல் இல்லை. தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்ல, தேன் தடவி, சிறிது தெளிந்தபின் உணவூட்டிக் கால் மணிக்கு ஒருமுறை அளந்தோம். எண் 100ஐக் கடந்தபின்னும் மருந்தின் வலி தீராமையால் விடியும்வரை விழித்திருந்தோம். மறுநாள் ஊசியை நிறுத்திவைத்து, அடுத்த அளவை அவர் பாதியாகக் குறைத்தார். பிழை மருந்தினதன்று; அளவாமல் ஏற்றிய எமதே. அன்றுதொட்டு முதலில் அளத்தல், அடுத்து உண்பித்தல், உண்டதைக் கண்டபின் ஏற்றுதல் என்னும் ஒழுங்கை ஒருநாளும் வழுவவில்லை. தேன் போத்தலும் கொப்பிக்கு அருகிலேயே இருந்தது.

இதன் மறுதலையும் அறியத்தக்கது. நீரிழிவுள்ள பூனை உணவை வெறுத்து, வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடந்தால், குருதியில் அமிலம் சேரும் கொடிய நிலை நேர்ந்திருத்தல் கூடும். அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. அன்றே வைத்தியரிடம் சேர்த்தல் வேண்டும்.

மருந்தைக் காத்தல்

திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகைச் செல்சியசு வெப்பநிலையில் வைத்தல் வேண்டும்; உறைய விடலாகாது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, குளிர்சாதனப் பெட்டி வெறும் பெட்டியாயிற்று. அப்போது கைகொடுத்தது மட்பானையே. சிறு மட்சட்டியைப் பெரிய மட்பானையுள் வைத்து, இடைவெளியை நனைந்த மணலால் நிரப்பி, போத்தலை உலர்ந்த மூடியிட்ட பாத்திரத்திற் சட்டியுள் இட்டு, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தோம். நீர் ஆவியாகும்போது உள்வெப்பம் தணியும். வத்தளை கடலோரமாகையாற் காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே தணிவு சிறிதே. ஆயினும் வெளியிலே கிடப்பதினும் அது மேல். திறந்த போத்தலை எத்தனை நாட் கொள்ளலாம் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். திறந்த நாளைப் போத்தலின் மீதே எழுதிவைத்தல் நல்ல பழக்கம்.

கடமை

மனிதருக்கே மருந்து தட்டுப்பட்ட நாளிற் பூனைக்கு இன்சுலின் தேடுதல் தகுமோ என்று அந்நாளில் எம்மை வினவினோர் உளர். வினா நேரியதே. ஒரு குழந்தையின் பங்கைப் பறித்துப் பூனைக்கு ஊட்டுதல் அறமன்று. நாமும் அவ்வாறு செய்யவில்லை. ஆயின் இன்சுலின் நமக்குக் கிடைத்த வரலாற்றையும் நினைத்தல் வேண்டும். சதையி நீங்கினால் நீரிழிவு வரும் என்பதை 1889இல் மெரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் ஒரு நாயின் மூலமாகவே கண்டனர். 1921இல் ரொறொன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் இன்சுலினைக் கண்டதும் நாய்களைக் கொண்டே. 1922 சனவரியில் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு ஏற்றப்பட்ட மருந்து மாட்டின் சதையியிலிருந்து எடுத்தது. 1982இல் மனித இன்சுலினை நுண்ணுயிரால் ஆக்கி விற்கத் தொடங்கும் வரை, அறுபது ஆண்டுகளாக மாடும் பன்றியுமே உலகத்து நீரிழிவாளரை வாழ்வித்தன. விலங்குகளிடம் நாம் பட்ட கடன் பெரிது. அதிலொரு துளியை வீட்டுப் பூனைக்குத் திருப்புதல் மிகையன்று.

நோயைத் தொடக்கத்திலேயே கண்டு உணவையும் மருந்தையும் ஒழுங்குபடுத்தினால், சில பூனைகள் சில மாதங்களில் ஊசியின்றியே வாழும் நிலையை அடைகின்றன. எமது பூனைக்கு அப்பேறு வாய்க்கவில்லை. ஆயினும் மெலிவு நீங்கி, மதிலேறி, மேலும் இரண்டாண்டுக்கு மேல் வாழ்ந்தது. 2024இல் முதுமையாற் சிறுநீரகம் தளர்ந்து இறந்தது, நீரிழிவால் இறக்கவில்லை. அக்கொப்பி இன்றும் எம்மிடம் உண்டு. அதன் முதற்பக்கத்தில் எழுதியிருப்பதையே இளைய மாணவருக்கும் சொல்ல விரும்புகின்றோம்: முதலில் அள, பின் ஊட்டு, அதன்பின் மருந்தேற்று, ஐயம் எழுந்தால் ஏற்றாதே, கேள்.