பொதிகைப் பூவுக்குப் புழுக்கம் ஆகாது

திருவனந்தபுரத்தில் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கியவர்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். கடையில் பார்த்த பூ இரண்டு மாதம் வாடாமல் நிற்கும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் இலை மட்டும். உரத்தை மாற்றிப் பயனில்லை. பகல் வெப்பம் சில வாரங்களாவது சுமார் 26 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது பூங்காம்பு விடும். இந்த ஊரிலோ பகல் 31, 32 டிகிரி. மார்கழி இரவு 22ஐ ஒட்டி இறங்கினாலும் பகல் சூடு தணிவதில்லை.

அதே மாடியில் டென்ட்ரோபியம் சோனியா கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. அதுவும் அயல்நாட்டுக் கலப்பினம்தான். ஆனால் அதன் மூதாதையரில் ஒன்று வட ஆஸ்திரேலியாவின் சூட்டில் வாழ்வது. பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை போதும், புழுக்கத்தைப் பொருட்படுத்தாது.

அதைக் கொல்வது வெயிலைவிட, அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றும் நம் கருணைதான். மரத்தில் தொற்றி வாழும் ஆர்க்கிட்டின் வேரைப் பஞ்சு போன்ற வெண்ணிற உறை மூடியிருக்கும். மழை பட்டதும் அது நீரை உறிஞ்சிப் பச்சையாகத் தெரியும்; காய்ந்தால் மறுபடி வெள்ளி நிறம். வேர் வெளுத்த பிறகே தண்ணீர். மண்ணில் நட்டால் காற்றில்லாமல் வேர் அழுகிவிடும். எனவே அடுப்புக்கரியும் ஓட்டுத்துண்டும் நிரப்பிய, பக்கங்களிலும் துளையுள்ள தொட்டி. தேங்காய் மட்டையைப் பலரும் பரிந்துரைப்பார்கள்; கோடையில் நல்லதுதான். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அது நாள்கணக்கில் ஊறிக் கிடக்கும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இந்த ஊருக்கு என் ஓட்டு கரிக்கே.

இனி உள்ளூர்க்காரியைப் பார்க்கலாம். மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், நாம் பொதிகை என்று அழைக்கும் அகத்தியமலைப் பகுதிக்கே உரியது பாப்பியோபெடிலம் ட்ரூரியை என்ற ஆர்க்கிட். மஞ்சள் இதழில் கருஞ்சிவப்புக் கோடு, செருப்பு முனை போல ஒரு பை. 1865இல் இதைக் கண்டெடுத்த ட்ரூரி என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரே செடிக்கும். ஆசைப்பட்டவர்கள் பிடுங்கிப் பிடுங்கியே காட்டில் அருகிப்போனது. பிடுங்கி வந்தாலும் நகரத்தில் தேறுவது கடினம்: அது வளர்வது 1400 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி குறையும் என்று வைத்தால், ஊரைவிட எட்டு, ஒன்பது டிகிரி குளிர்ச்சி.

1979இல் தொடங்கிய பாலோடு தாவரவியல் பூங்கா அதை ஆய்வகத்தில் பெருக்க முனைந்தது. ஆர்க்கிட் விதை தூசி போன்றது, உள்ளே சேமித்த உணவே கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். ஆய்வகத்தில் அந்தத் தாய்மை வேலையைக் கண்ணாடிக் குடுவையிலுள்ள சர்க்கரைக் கூழ் செய்கிறது.