பப்பாசி இலையும் டெங்குக் காய்ச்சலும்

பழத்தின் பொருட்டே பப்பாசியை வளர்க்கும் நாம் அதன் இலையைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. இந்தோனேசிய மக்களோ இளம் இலையைக் கசப்பு நீங்க அவித்துக் கறியாக உண்பர். சுண்ணாம்புச் சத்தும், உயிர்ச்சத்து ஏ ஆக மாறவல்ல கரற்றீனும் அதில் உள்ளன.

2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 180,000 இற்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். அந்நோய்க்கு இவ்விலைச் சாறே மருந்தென்னும் நம்பிக்கை நம்மிடையே பரவியுள்ளது. அது முற்றிலும் ஆதாரமற்றதன்று. மலேசியாவில் 228 நோயாளரிடத்து நடாத்தப்பெற்று 2013 இல் வெளியான ஆய்வு, சாறு அருந்தியோரிடத்துக் குருதிச் சிறுதட்டுக்கள் விரைந்து பெருகியமையைக் காட்டிற்று.

ஆயின், டெங்குக் காய்ச்சலில் உயிருக்கு இறுதி விளைப்பது பெரும்பாலும் சிறுதட்டுக் குறைவன்று. குருதிக் கலன்களினின்று நீர்ப்பகுதி கசிந்து குருதியமுக்கம் வீழ்தலேயாம். காய்ச்சல் தணியும் வேளையிலேயே இக்கசிவு தலைகாட்டுவதால், நோய் நீங்கிற்றென மயங்குதல் எளிது. இலைச் சாறு இதனைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. அளவறிந்து திரவமூட்டும் வைத்தியசாலைப் பராமரிப்பே உயிர் காப்பது. ஆகவே, காய்ச்சல் தணிந்தபின் வயிற்றுநோவும் ஓயாத வாந்தியும் தோன்றின், சாறு பிழிந்து காலந்தாழ்த்தாது வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.