கப்பல் அனுப்பும் 168 பிட்

இன்டர்நெட் இணைப்பு இருந்தால் இப்போதே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் பிரவுசரில் மரைன் டிராஃபிக் அல்லது வெசல் ஃபைண்டர் இணைய தளத்தைத் திறந்து, வரைபடத்தைச் சென்னைத் துறைமுகம் பக்கம் இழுத்து வாருங்கள். கடலில் வண்ண வண்ணமாகச் சின்ன அம்புகள் தெரியும். ஏதாவது ஒன்றைக் கிளிக் செய்தால் அந்தக் கப்பலின் பெயர், அது எந்த நாட்டுக் கொடியுடன் ஓடுகிறது, எத்தனை நாட் வேகம், எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பதெல்லாம் திரையில் வரும். இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

முதல் முறை இதைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு தகவலையும் யார் சேகரித்துக் கொடுக்கிறார்கள்? கடற்படையா, துறைமுகமா? விசாரித்ததில், கொடுப்பது அந்தக் கப்பலேதான் என்று தெரிந்தது. சில வினாடிகளுக்கு ஒரு முறை "நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கம் போகிறேன்" என்று அது ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகிறது. பாஸ்வேர்டு இல்லை, என்கிரிப்ஷன் இல்லை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கரையோரத்தில் ஆன்டெனா வைத்திருக்கும் தன்னார்வலர்கள் பலர் அதைக் கேட்டு இணைய தளத்துக்கு அனுப்புகிறார்கள்.

இதற்குப் பெயர் ஏ.ஐ.எஸ்., அதாவது தானியங்கி அடையாள முறை. லண்டனில் இருக்கும் சர்வதேச கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் எழுதப்பட்ட கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் இன்றைய வடிவத்தில்தான் ஏ.ஐ.எஸ். கட்டாயம் என்ற விதி இருக்கிறது. வெளிநாடு போய்வரும் கப்பல்களில் 300 டன்னேஜுக்கு மேற்பட்டவை, உள்நாட்டுச் சரக்குக் கப்பல்களில் 500க்கு மேற்பட்டவை, பயணிகள் கப்பல் என்றால் எந்த அளவானாலும் இதைப் பொருத்தியாக வேண்டும். படிப்படியாக 2008 வரை அவகாசம் இருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, வெளிநாடு போகும் கப்பல்களுக்கான கெடுவை 2004 முடிவுக்கு இழுத்துவிட்டார்கள்.

பந்தியில் இடம் பிடிப்பது போல

சாப்ட்வேர் துறையில் இருக்கும் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், நடுவில் சர்வர் என்று எதுவுமே கிடையாது என்பதுதான். நடுக்கடலில் நூறு கப்பல்கள் ஒரே அலைவரிசையில் பேசினால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து யாருக்கும் எதுவும் கேட்காது. எப்படிச் சமாளிக்கிறார்கள்?

இதற்கென்று வி.ஹெச்.எஃப். ரேடியோவில் இரண்டு சேனல்கள் ஒதுக்கப்பட்டுள்ளன: 161.975 மெகாஹெர்ட்ஸ், 162.025 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்தை 2250 துண்டுகளாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டுக்குச் சுமார் 27 மில்லி செகண்ட். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அடுத்த பந்திக்கு இடம் பிடிப்போம் அல்லவா? கப்பலும் அதைத்தான் செய்கிறது. இப்போது பேசும்போதே, அடுத்து எந்தத் துண்டில் பேசப் போகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. கேட்கும் மற்ற கப்பல்கள் அந்த இடத்தை விட்டுவிடுகின்றன. எல்லோருடைய கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டுமே? அதற்கு ஜி.பி.எஸ். இருக்கிறது.

இனி செய்திக்கு வருவோம். ஒரு நிலைச் செய்தியின் நீளம் 168 பிட். நாம் அனுப்பும் 160 எழுத்து எஸ்.எம்.எஸ். 1120 பிட், அதில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. இதற்குள் 30 பிட் கப்பலின் ஒன்பது இலக்க எண்ணுக்குப் போகிறது. அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும்: 419 என்றால் இந்தியா, 417 என்றால் இலங்கை. தீர்க்க ரேகைக்கு 28 பிட், அட்ச ரேகைக்கு 27 பிட். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான நிமிடத்தை மேலும் பத்தாயிரமாகப் பிரித்து எழுதுகிறார்கள். கடலில் அது சுமார் 18.5 சென்டிமீட்டர். ஜி.பி.எஸ்.ஸே அவ்வளவு துல்லியமாக இருக்காது என்பது வேறு கதை. மீதியில் வேகம், திசை, நங்கூரமிட்டிருக்கிறதா ஓடுகிறதா என்பதெல்லாம் அடங்கிவிடுகிறது. ஒரு பெயரையும் விலாசத்தையும் அனுப்பவே சில கிலோபைட் செலவழிக்கும் எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும்.

ஓடும் கப்பல் 2 முதல் 10 வினாடிக்கு ஒரு முறை இதை அனுப்பும். நங்கூரமிட்டிருந்தால் 3 நிமிடத்துக்கு ஒரு முறை. பெயர், போகும் துறைமுகம் போன்ற விவரங்கள் தனிச் செய்தியாக 6 நிமிடத்துக்கு ஒரு முறை வரும். இதில் போகும் துறைமுகம் என்ற 20 எழுத்துக் கட்டத்தை மாலுமி கையால் டைப் செய்கிறார். விளைவு உங்களுக்கே தெரியும். துறைமுகங்களுக்கு ஐ.நா. கொடுத்திருக்கும் ஐந்து எழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள் என்று ஐ.எம்.ஓ. சொல்லியும், எழுத்துப் பிழைகளும் போன பயணத்தின் துறைமுகமும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எண்ணூரில் நடந்தது

இவ்வளவு இருந்தும் மோதல் நடக்கிறதே என்று கேட்பீர்கள். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. ஒன்று துறைமுகத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது, மற்றது உள்ளே போய்க்கொண்டிருந்தது. இரண்டுமே ஏ.ஐ.எஸ். கட்டாயமான அளவுள்ளவை. கடலில் கொட்டிய எண்ணெய் கரையில் ஒதுங்கியதும், அதை ஆட்கள் வாளியால் அள்ளியதும் சென்னை வாசகர்களுக்கு நினைவிருக்கும். மீனவர்கள் பல நாள் தொழிலுக்குப் போக முடியவில்லை. திரையில் அம்பு தெரிவதால் கப்பல் தானாகத் திரும்பிவிடாது. யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதற்கு 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகள் தனியாக இருக்கின்றன. அவற்றின்படி முடிவெடுக்க வேண்டியவர் மனிதர்.

இன்னொரு பக்கமும் உண்டு. காசிமேட்டிலிருந்து இரவில் கிளம்பும் சின்ன ஃபைபர் படகுகளுக்கு இந்த விதி பொருந்தாது. சிறு படகுகளுக்கென்று குறைந்த சக்தியில் இயங்கும் பி வகுப்புக் கருவி இருக்கிறது, ஆனால் கட்டாயமில்லை. எனவே பெரிய கப்பலின் ஏ.ஐ.எஸ். திரை காலியாகக் காட்டும் இடத்தில் நாலு பேர் வலை போட்டுக்கொண்டிருக்கலாம். ராடாரையும் கண்ணையும் நம்புவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

ஏ.ஐ.எஸ். ரேடியோ கடல் மட்டத்தில் சுமார் 20 கடல் மைல் போகும். அதற்கு மேல் பூமியின் வளைவு மறைத்துவிடும். ஆனால் அதே அலை மேல்நோக்கியும் போகிறதே? நார்வே நாடு இதைக் கேட்பதற்கென்றே செய்த ஏ.ஐ.எஸ்.சாட்-1 என்ற குட்டி சாட்டிலைட்டை 2010 ஜூலை 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது பி.எஸ்.எல்.வி.-சி15 ராக்கெட்தான் கொண்டுபோனது. மேலிருந்து கேட்பதில் ஒரு சிக்கல்: கீழே ஒன்றையொன்று அறியாத பல பந்திகள் தனித்தனியாக நடக்கின்றன. சாட்டிலைட்டுக்கு எல்லாப் பந்திச் சத்தமும் ஒரே நேரத்தில் கேட்கும். அதைப் பிரித்தெடுப்பதுதான் அந்த சாப்ட்வேரின் வேலை.

புகைக்கும் இதே கணக்கு

2020இல் ஐ.எம்.ஓ. வெளியிட்ட நான்காவது பசுமைக்குடில் வாயு ஆய்வு, ஒவ்வொரு கப்பலின் வேகத்தையும் இந்த ஏ.ஐ.எஸ். பதிவுகளிலிருந்து எடுத்துத்தான் அது எவ்வளவு எண்ணெய் எரித்திருக்கும் என்று கணக்கிட்டது. 2018இல் கப்பல்கள் வெளியிட்டது 107.6 கோடி டன், மனிதர்கள் வெளியிட்டதில் 2.89 சதவீதம். மோதலைத் தடுக்க எழுதிய டேட்டா இப்படிப் பயன்படும் என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருப்பார்களா தெரியாது.

வேகத்தைக் குறைத்தால் என்ன லாபம் என்று ஒரு சின்னக் கணக்கு. என்ஜின் சக்தி ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 14 நாட் வேகத்தில் போகும் கப்பல் 12.6க்கு இறங்கினால், பயண நேரம் கூடுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், அதே தூரத்துக்கு எரிபொருள் சுமார் 19 சதவீதம் மிச்சம். ஆனால் பல கப்பல்கள் அவசரமாக ஓடிவந்து, இடம் காலியாகும் வரை துறைமுகத்துக்கு வெளியே காத்துக் கிடக்கின்றன. எப்போது இடம் கிடைக்கும் என்று துறைமுகம் முன்பே சொல்லிவிட்டால் மெதுவாக வரலாமே! அதற்குத் துறைமுகங்களின் கம்ப்யூட்டர்கள் ஒரே மொழியில் பேச வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் கப்பல் வருகைக்கான படிவங்களை ஒரே மின்னணுச் சாளரத்தில் பெற வேண்டும் என்று ஐ.எம்.ஓ. கட்டாயமாக்கியிருப்பது அந்தப் பாதையில் ஒரு படி.

டேட்டா வடிவத்தில் ஒத்துப்போகும் நாடுகள், பணம் என்று வந்தால் ஒத்துப்போவதில்லை. அதிகக் கார்பன் வெளியிடும் கப்பல்களிடம் கட்டணம் வசூலிக்கும் திட்டத்துக்கான வாக்கெடுப்பு 2025 அக்டோபரில் லண்டனில் நடக்கவிருந்தது. அது ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது.

பொய் சொன்னால்?

நான் மேலே சொன்ன "பாஸ்வேர்டு இல்லை" என்பதற்குத் திரும்புவோம். செய்தி உண்மையான கப்பலிடமிருந்துதான் வந்தது என்பதற்கு 168 பிட்டில் எந்தச் சான்றும் இல்லை. 2017 ஜூனில் கருங்கடலில் 20க்கும் மேற்பட்ட கப்பல்களின் ஜி.பி.எஸ். குழப்பப்பட்டு, அவை கெலென்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. 2021 ஜூனில் பிரிட்டனின் டிஃபெண்டர், நெதர்லாந்தின் எவர்ட்சன் என்ற இரு போர்க்கப்பல்கள் செவஸ்தோபோல் அருகே போவதாக ஏ.ஐ.எஸ். காட்டியது. உண்மையில் அவை ஒடெசாவில் கட்டப்பட்டிருந்தன. காட்டிக்கொடுத்தது துறைமுகத்து வெப்கேமரா!

டிஜிட்டல் கையெழுத்து சேர்க்கலாமே என்று தோன்றும். பொதுவாகப் பயன்படும் கையெழுத்துக்கே 512 பிட் வேண்டும், செய்தியைவிட மூன்று மடங்கு. ஏற்கெனவே நெரிசலான சேனலில் அது நடக்காது. எனவே வி.டி.இ.எஸ். என்ற புதிய முறையைத் தயார் செய்துவருகிறார்கள். 2015, 2019 உலக ரேடியோ மாநாடுகளில் இதற்கு அலைவரிசை ஒதுக்கியாகிவிட்டது. இப்போதைய வேகம் வினாடிக்கு 9600 பிட். நம் பழைய டயல்-அப் மோடத்தைவிடக் குறைவு. புதியதில் 307 கிலோபிட் வரை போகலாம். கையெழுத்துக்கும் இடம் கிடைக்கும். ஆனால் உலகம் முழுக்க இருக்கும் பழைய பெட்டிகள் அதுவரை, அதற்குப் பிறகும் கூட, ஓடிக்கொண்டிருக்கும். எனவே புதியது பழையதையும் புரிந்துகொண்டாக வேண்டும்.

நீங்கள் வரைபடத்தைத் திறக்கும்போது கப்பல் பெயருக்குக் கீழே கடைசியாகச் செய்தி வந்த நேரத்தைப் பாருங்கள். சில நிமிடம் என்றால் கப்பல் அங்கேதான் இருக்க வேண்டும். பல மணி நேரம் என்றால் அது ஆன்டெனா எட்டும் தூரத்தைத் தாண்டிப் போயிருக்கலாம், அல்லது யாரோ கருவியை அணைத்திருக்கலாம்.